பழைய குரலில் ஒரு பைக்

அத்தியாயம் 9

பேய்களைப் பற்றி சார்லஸுக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. வருவதென்றால் இருட்டிய பிறகு வரவேண்டும். தார் ரோடு உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற ஜூன் மாதத்துச் சாயங்காலம் நாலு மணிக்கு வரும் பேய், தன் குலத்துக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறது என்பது அவன் கட்சி.

இந்த விஷயத்தில் அவன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கடலூர் முதுநகரில் எட்டு வருஷம் அமரர் ஊர்தி ஓட்டியவன். பின்னால் படுத்து வந்த பயணிகளில் ஒரே ஒருவரைத் தவிர வேறு யாரும் அவன் ஓட்டுவதைக் குறை சொன்னதில்லை. அந்த ஒருவரும் ஆலப்பாக்கம் வேகத்தடையில் எழுந்து உட்கார்ந்து, "பாத்துப் போப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாராம். அவ்வளவுதான்.

இப்போது அவன் தஸ்னீமிடம் வேலை பார்க்கிறான். தஸ்னீம் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து விசாரித்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம், பாத்திரக்கடை மாடியில் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறாள். வாசல் போர்டில் 'விசாரணை' என்று மட்டும் எழுதியிருப்பதால், வருகிறவர்களில் பாதிப் பேர் மயிலாடுதுறை பாசஞ்சர் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளும் சரியாகச் சொல்லி அனுப்புவாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. பி.முட்லூரில் ரோட்டை ஒட்டிய ஒரு மச்சு வீட்டு ஜன்னலுக்கு வெளியே, பூவரச நிழலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தான் சார்லஸ். உள்ளே போக அவனுக்கு அனுமதியில்லை. அந்த வீட்டுப் பெண் அர்ஃபா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருக்க வேண்டிய காலம் அது. தஸ்னீம் மட்டும் உள்ளே போயிருந்தாள். ஜன்னல் திரை வழியாகப் பேச்சு மட்டும் வெளியே வந்தது. அர்ஃபா அவளை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டாள்.

"இன்னிக்கு நூத்தி ஒண்ணாவது நாள் லாத்தா. அவுங்க வண்டி டெய்லி இந்த ரோட்டுல போவுது."

"யாரு வண்டி?"

"எங்க வீட்டுக்காரரு வண்டி. சுஹைப் வண்டி."

சுஹைப் மார்ச் மாத ஆரம்பத்தில், இதே ரோட்டில், புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து விழுந்து இறந்துபோனவன். வயது இருபத்தெட்டு. பேய் வருகிறது என்று அர்ஃபா போன் போட்டபோதே இதைச் சொல்லியிருந்தாள், சார்லஸுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், நாற்பது டிகிரி வெயிலில் அவன் முதுகில் மட்டும் யாரோ ஈரத்துணியைப் போர்த்தின மாதிரி இருந்தது.

"ரோட்டுல ஆயிரம் வண்டி போவுதும்மா."

"எங்க உம்மாவும் அதத்தான் சொல்றாங்க. நாளைக்கு ஓதிப் பார்க்க ஆள் கூட்டியார்றாங்களாம். மூணு வருஷம் அந்தச் சத்தம் தெருமுனையில கேட்டப்புறந்தான் உலையில அரிசி போடுவேன். அவுங்க கைகால் கழுவிட்டு வர்றதுக்குள்ள வடிச்சிருவேன். எனக்குத் தெரியாதா?"

"எத்தன நாளா கேக்குது?"

"பதினாறு நாளா. ரெண்டு வெள்ளிக்கிழமை மட்டும் வரல."

"பாருங்க, பேய்க்கு லீவு குடுக்குறாங்க," என்று வெளியிலிருந்து முணுமுணுத்தான் சார்லஸ். "நமக்குத்தான் ஞாயித்துக்கிழமகூடக் கெடையாது."

"சார்லஸு, வாய மூடு. நீ சொல்லும்மா. எத்தன மணிக்கு வரும்?"

"மொத வாரம் நாலு மணிக்கு. அப்புறம் நாலேகாலுக்கு மாறிடுச்சு. வடக்க போவும். கொஞ்ச நேரங்கழிச்சு அதே வழியில திரும்பும். போறதுக்கும் வர்றதுக்கும் நடுவுல எத்தன நிமிஷம்னு எழுதி வெச்சிருக்கேன். வேற என்னா வேல எனக்கு?"

காலண்டர் தாள்கள் புரளும் சத்தம். தஸ்னீம் படித்தாள். "இருவத்தி நாலு, இருவத்திரண்டு, இருவதரை, பத்தொம்பது..." குரல் போகப்போக இறங்கிற்று. "பதிமூணு, பன்னெண்டரை, பன்னெண்டு. நேத்து பதினொண்ணரை."

"ஆனா ஒண்ணு லாத்தா. சொன்னா நீங்களும் என்னப் பைத்தியம்பீங்க. அவுங்க மௌத்தாவுறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அந்த வண்டிச் சத்தம் மாறியிருந்துச்சு. சாதுவா, பசு மாடு மாதிரி. இப்ப வர்றது அந்தச் சத்தம் இல்ல. அதுக்கு முன்னாடி இருந்துச்சே, ஒரு உறுமல், அது."

அப்புறம் தஸ்னீம் வெளியே வந்தாள். செருப்பை மாட்டினாள். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

"சார்லஸு, செத்துப்போனவன் எந்தச் சட்டையில செத்தானோ அந்தச் சட்டையிலதானே பேயா வருவான்?"

"ஆமாங்க்கா. டிரஸ் மாத்துற பேய நான் பார்த்ததில்ல. அதுங்களுக்கு வண்ணான் கெடையாது."

"அப்ப இந்த பைக் ஏன் செத்த அன்னைக்கு இருந்த சத்தத்தோட வராம, அதுக்கு முந்தின சத்தத்தோட வருது?"

தஸ்னீம் இரண்டாவது விரலை நீட்டினாள்.

"ரெண்டாவது. முட்லூர் பள்ளிவாசல்ல போன வாரம் அசர் தொழுகைய மூணே முக்காலேர்ந்து நாலு மணிக்கு மாத்துனாங்க. பேயும் கால் மணி நேரம் தள்ளி வருது. தொழுதுட்டுத்தான் வண்டிய எடுக்குது."

"நல்ல குடும்பத்துப் பேய்."

"மூணாவது. புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், சுஹைப் விழுந்த எடம் வரைக்கும் பன்னெண்டு கிலோமீட்டர். போக வர இருவத்தி நாலு. மொத நாள் இருவத்தி நாலு நிமிஷம். அதாவது அறுவது. ரெண்டாம் நாள் அறுவத்தஞ்சு. அப்புறம் எழுவது. ஒரு நாளைக்கு அஞ்சு அஞ்சா ஏத்துறான். நேத்து நூத்தி இருவத்தஞ்சு."

"அப்ப இன்னிக்கு..."

"நூத்தி முப்பது."

அந்த எண்ணைச் சார்லஸுக்கும் தெரியும். சுஹைப் விபத்தைப் பற்றிய போலீஸ் பேப்பரில் எழுதியிருந்த வேகம் அது. மீட்டர் வைத்து யாரும் அளக்கவில்லை. அந்த இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஆண்டி சொன்னது. தன் வாழ்நாளில் சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டாத ஆண்டி, "நூத்தி முப்பதுல வந்தாருங்க" என்று அடித்துச் சொன்னான். ஏன் நூற்று இருபத்தொன்பது இல்லை என்று யாரும் கேட்கவில்லை. அது பேப்பரில் ஏறிவிட்டது.

"யாரோ ஒருத்தன் சுஹைப் செத்த மாதிரியே செத்துப் பார்க்கப் போறான்," என்றாள் தஸ்னீம். "இன்னிக்கு நாலேகாலுக்கு."

"நாம ரோட்டுல நின்னு கையக் காட்டி நிறுத்திருவோம்."

"நூத்தி முப்பதுல வர்றவன் முன்னாடி நீ போய் நின்னா ரெண்டு பேரும் சாவீங்க. நேத்து வரைக்கும் வந்த பேய்க்கு இன்னிக்குத் தொணப் பேய் கெடைக்கும். ஏன் ஓட்டுறான்னு தெரியாம நிறுத்துனாலும் பிரயோசனமில்ல. நாளைக்கு வேற ரோட்டுல ஓட்டுவான். நொறுங்கின வண்டிய யாரு எடுத்துட்டுப் போனது?"

"சிதம்பரத்துல சின்னையன்னு ஒரு மெக்கானிக். பேப்பர்ல இருக்கு."

"வண்டிய எடு."

அவர்கள் ஸ்கூட்டருக்கு நாற்பதுக்கு மேல் எண்கள் உண்டு என்ற செய்தி இன்னும் எட்டவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் எதிர்காற்று அடித்தபோது, ஆற்றில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று அவர்களோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, அலுத்துப்போய் முன்னால் போய்விட்டது. அப்படித்தான் சார்லஸ் பிற்பாடு சொன்னான்.

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னையனின் பட்டறை. தகரக் கொட்டகை. உள்ளே பெட்ரோலும் விபூதியும் கலந்த வாசனை. சின்னையனுக்கு ஐம்பது வயது இருக்கும். பைக் ஒன்றின் வயிற்றுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"முட்லூர் சுஹைப் வண்டியப் பத்தி..." என்று தஸ்னீம் ஆரம்பித்தாள்.

கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. அதை எடுக்காமல் சின்னையன் நிமிர்ந்தார். முகத்தில் பல நாள் தூக்கமில்லாத களைப்பு.

"உங்களுக்கும் கேக்குதாம்மா?"

சார்லஸ் ஒரு அடி பின்னால் வைத்தான். "என்னா கேக்குது?"

"அந்தப் பையன் கொரலு. 'அண்ணே, வாப்பாட்ட சொல்லிடாதீங்க'ன்னு. அந்த ஷெல்ஃப் பக்கம் போனாலே கேக்குது."

"எத சொல்லிடாதீங்க?" என்றாள் தஸ்னீம்.

"அது வாக்கும்மா. செத்தவனுக்குக் குடுத்த வாக்கு."

"அண்ணே, மணி மூணேகாலு. இன்னும் ஒரு மணி நேரத்துல அந்த வண்டியில ஒரு உசுரு போவப்போவுது. நூத்தி முப்பதுல ஓட்டப்போறாங்க."

சின்னையன் அப்படியே டயர் மேல் உட்கார்ந்தார்.

"நூத்தி முப்பதா? அது தாங்காதும்மா. நூத்தி இருவத்தஞ்சத் தாண்டி ரெண்டு நிமிஷம் புடிச்சா பிஸ்டன் இறுக்கிப் புடிச்சுக்கும். பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்னுடும். யாரு ஓட்டுறா?"

"அத நீங்கதான் சொல்லணும். மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் சொன்னார். சுஹைபின் வாப்பா அப்துல் மஜீத், சவுதி அரேபியாவின் தம்மாமில் முப்பது வருஷம் இன்ஜின் பிரித்த மனுஷர். ஒரு ஷேக்கின் ஜெனரேட்டரை டெலிபோனிலேயே ரிப்பேர் செய்தவர் என்று ஊரில் பேச்சு. போனை வைத்த பிறகும் ஜெனரேட்டர் ஓடியதாம். அவர் ஊர் திரும்பியதும் மகன் கேட்டிருக்கிறான்: வாப்பா, என் பைக்குக்குப் பெரிய பிஸ்டன் போடலாமா?

"போடலாம்னு சும்மா சொல்லிடலம்மா அவரு. என் பட்டறையிலதான் உக்காந்து ஒரு நோட்டு பூரா எழுதுனாரு. அமுக்கம் எவ்வளவு ஏறும், சூடு எவ்வளவு ஏறும், எந்த ஆயில் போடணும், பிரேக் தாங்குமா, செயின் தாங்குமா. ஒவ்வொரு ஆபத்துக்கும் எதிர்ல ஒரு பரிகாரம். மூணு நாள் யோசிச்சுட்டு, 'போட்டுடலாம் சின்னையா, கணக்கு நிக்குது'ன்னாரு. அவரே கைப்பட போட்டாரு. நான் ஸ்பானர் எடுத்துக் குடுத்ததோட சரி."

"கணக்குல எங்க தப்பு?"

"எல்லாம் சரி. பெட்ரோல மட்டும் தம்மாம் பெட்ரோலா நெனச்சுப் போட்டுட்டாரு. முப்பது வருஷம் அந்த ஊரு பெட்ரோல்லயே இருந்த மனுஷன். அங்க சாதாரண பங்க்குல கெடைக்கிறது இங்க நம்ம ரோட்டு பங்க்குல கெடைக்காது. நம்ம பெட்ரோலு அந்த அமுக்கத்துக்கு முன்கூட்டியே வெடிச்சிடும். உள்ள சோழி உருட்டுற மாதிரி சத்தம் கேக்கும். அது கேட்டா எமன் கதவத் தட்டுறான்னு அர்த்தம்."

"சுஹைபுக்குக் கேட்டுச்சா?"

"ரெண்டு தடவ இன்ஜின் புடிச்சிருக்கு. பையன் கெட்டிக்காரன், டக்குனு கிளட்ச்ச அமுக்கிப் பொழச்சான். அடுத்த நாளே எங்கிட்ட வந்தான். 'அண்ணே, பழைய பிஸ்டனையே போட்டுருங்க. வாப்பா முப்பது வருஷ வித்தைய எனக்காகப் போட்டாரு. வேலைக்காவலன்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாரு. சொல்லிடாதீங்க'ன்னான். மாத்திக் குடுத்தேன். ரெண்டு வாரங்கழிச்சு அவன் விழுந்தது கம்பெனி பிஸ்டன்லதாம்மா. சாது வண்டியில."

தஸ்னீம் சார்லஸைப் பார்த்தாள். பசு மாட்டுச் சத்தம்.

"அப்ப எப்படி விழுந்தான்?"

சின்னையன் எழுந்து ஷெல்ஃபுக்குப் போனார். போகும்போதே உதடு முணுமுணுத்தது, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. ஒரு கண்ணாடிப் பாட்டிலையும் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றையும் கொண்டுவந்தார். பாட்டிலில் கறுப்பு உளுந்து, தோலோடு. துணிக்குள் கையளவு பிஸ்டன்.

"பின்சக்கரத்தக் கழட்டுனப்ப செயினச் சுத்தி உளுந்தஞ்செடி முறுக்கிக்கிட்டுக் கெடந்துச்சும்மா. ரெண்டு கைப்புடி உளுந்து கொட்டுச்சு. அறுப்பு நேரத்துல ரோட்டுல பரப்பி வெப்பாங்கல்ல, போற வண்டிச் சக்கரத்துல அதுவா அடிபடட்டும்னு? அதுல ஏறிச் சறுக்கியிருக்கான். அறுவது எழுவதுல போனாலே சறுக்கும். வடை சுட மனசு வரல, எறியவும் மனசு வரல."

"செத்ததுக்கப்புறம் வண்டிய ரிப்பேர் பண்ணச் சொன்னது யாரு?"

"மஜீத் பாய்தான். ஒரு மாசம் முன்னாடி வந்து, 'எம் மவன் ஓட்டுன மாதிரியே எனக்கு வேணும். ஒரு போல்ட்டுகூட மாறக்கூடாது'ன்னாரு. உள்ள இருக்கறது கம்பெனி பிஸ்டன். அத அவரு பார்த்தா வாக்கு போச்சு. அதனால..." அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "பெரிய பிஸ்டன எடுத்து மறுபடி போட்டுட்டேன். ஞாபகத்துக்கு வீட்டுல நிறுத்தி வெப்பாருன்னு நெனச்சேன். அந்த மனுஷன் ஓட்டுவாருன்னு யாரு கண்டா? அவருக்கு அறுவத்தோரு வயசும்மா!"

கொட்டகைக்குள் சட்டென்று ஒரு பைக் உறுமிற்று. மூவரும் துள்ளிவிட்டார்கள். சந்தில் யாரோ பால்காரர் பைக்கில் போனார்.

"க்கா," என்றான் சார்லஸ். "தொழுதுட்டு வர்ற பேய்க்கு நரைச்ச தாடி இருக்கு."

மஜீதின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மணி மூன்று முப்பத்தைந்து. தஸ்னீம் பிஸ்டனையும் பாட்டிலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு முட்லூர் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டாள். சலாம் சொன்னாள். விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

"தொழுகைய நான் தள்ளி வெக்க முடியாதும்மா," என்றார் ஹஜ்ரத். "அது நம்ம கையில இல்ல."

"தொழுகையத் தள்ளி வெக்க வேணாம் ஹஜ்ரத். முடிஞ்சப்புறம் நீங்க ரெண்டு வார்த்த பேசுவீங்கல்ல?"

"அஞ்சு நிமிஷம் பேசுவேன்."

"இன்னிக்கு எவ்வளவு பேச முடியும்?"

"இருவது வருஷமா," என்றார் ஹஜ்ரத் மெதுவாக, "இந்தக் கேள்விய எங்கிட்ட யாருமே கேட்டதில்லம்மா."

அவர்கள் முட்லூர் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. வழியில் ஸ்கூட்டர் ஒருமுறை நின்று, அரை மணி கழித்துத் தானாகவே மனம் மாறிப் புறப்பட்டது. பள்ளிவாசலுக்குள் ஹஜ்ரத் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தலைப்பு பொறுமை. கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அது தீர்ந்து வெகு நேரமாயிருந்தது. பின் வரிசையிலிருந்து எழப் பார்த்த ஒரு வெள்ளைத் தாடிக்காரரை, "மஜீத் பாய், உங்களுக்குத்தான் இத சொல்றேன், முன்னாடி வந்து உக்காருங்க" என்று இதோடு மூன்றாம் முறையாக இழுத்து உட்கார வைத்திருந்தார்.

தஸ்னீம் வாசலுக்கு வெளியே நின்று தலையசைத்தாள். ஹஜ்ரத் துஆ ஓதி முடித்தார். கூட்டம் தப்பித்து ஓடியது.

மஜீத் நேராகப் பள்ளிவாசலுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் அரிசி மில்லுக்குப் போனார். தகரக் கதவைத் தள்ளினார். இவர்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள். உள்ளே நெல் உமி வாசனையில், கறுப்புப் பெயின்ட் அடித்த பைக் நின்றிருந்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய சிவப்பு, ஆறாத புண் மாதிரி எட்டிப் பார்த்தது. அவர் மகனின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். தோளில் தொளதொளவென்று நின்றது. ஹெல்மெட்டைப் போட்டார். கண்ணாடியை இறக்கினார். முகம் மறைந்ததும் அங்கே நின்றது அறுபத்தோரு வயதுக்காரர் இல்லை. பேப்பரோடு இருந்த போட்டோவில் பார்த்த பையன்.

சார்லஸ் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினான்.

"யாரு நீ? குடு தம்பி சாவிய."

"குடுக்க மாட்டேன் பாய். எட்டு வருஷம் அமரர் ஊர்தி ஓட்டியிருக்கேன். உங்கள மாதிரி தானா நடந்து வந்து ஏறுன ஆள நான் பார்த்ததில்ல."

"மஜீத் பாய்," என்றாள் தஸ்னீம். "நேத்து உள்ள சோழி உருட்டுற சத்தம் கேட்டுச்சா?"

கிழவர் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"கேட்டுச்சு. நூத்தி இருவதத் தாண்டுனதும் கேட்டுச்சு. இன்னிக்குத் தெரிஞ்சுடும்மா. அவனுக்கு நடந்தது எனக்கும் நடந்தா, எங் கணக்கு தப்பு, நான்தான் அவனக் கொன்னேன். நடக்கலன்னா வேகந்தான் தப்பு. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாவணும். தெரியாம அவன் கபுருக்கு முன்னாடி நிக்க முடியல. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போறேன், சலாம் சொல்ல வாய் வர மாட்டேங்குது."

தஸ்னீம் கைப்பையைத் திறந்து துணியைப் பிரித்துப் பிஸ்டனை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மஜீத் அதைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் சுற்றிலும் தடவினார், குருடர் முகம் தடவுகிற மாதிரி. ஒரு கீறல் இல்லை. விரல் இரண்டாம் சுற்று வந்து நின்றது.

"இது கம்பெனி பிஸ்டன்."

"விழுந்த அன்னைக்கு வண்டியில இருந்தது அதுதான். ரெண்டு வாரம் முன்னாடியே சுஹைப் சின்னையன்கிட்ட குடுத்து மாத்திட்டான். உங்க மனசு நோவும்னு சொல்ல வேணாம்னுட்டான்."

"அப்ப இந்த வண்டியில..."

"அவன் பயந்து கழட்டிப் போட்டத, அவன் ஓட்டுனதா நெனச்சு நீங்க பதினாலு நாள் ஓட்டியிருக்கீங்க." அவள் பாட்டிலை நீட்டினாள். "அவன் விழுந்தது இதுல. ரோட்டுல காயப்போட்ட உளுந்தஞ்செடி. செயின்லேர்ந்து உதிர்ந்தது. நூத்தி முப்பதுமில்ல, ஒண்ணுமில்ல."

மஜீத் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உளுந்து உள்ளே கலகலவென்று உருண்டது. அப்படியே உமிக் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அவன்," என்றார். "திட்டியா இருப்பேன்?"

சார்லஸ் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வண்டியை ஸ்டார்ட் செய்ய யாரும் துணியவில்லை. சார்லஸ் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, மஜீத் பின்னாலிருந்து தள்ள, கறுப்பு பைக் ரோட்டோரமாகச் சத்தமில்லாமல் உருண்டு வந்தது. அந்த மச்சு வீட்டு ஜன்னலுக்கு நேராக வந்ததும் மஜீதின் கால்கள் தயங்கின. முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாமா," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னிக்கு ஏன் லேட்டு?"

மூன்று பேரும் நின்றார்கள். தஸ்னீம் ஜன்னலிடம் போனாள்.

"அர்ஃபா, உனக்குத் தெரியுமா?"

"மூணாவது நாளே தெரியும் லாத்தா. ஊரு பூரா உறுமிக்கிட்டு வர்ற வண்டி நம்ம வீட்டுக்கு நேரா மட்டும் சத்தத்தக் கொறைச்சுக்கும். மௌத்தான வீட்டுக்கு மரியாத குடுக்குற பேய் எந்த ஊர்ல இருக்கு? எம் போன மாமா எடுக்குறதில்ல. நான் வாசலத் தாண்டக் கூடாது. வேகமோ நாளுக்கு நாள் ஏறுச்சு."

"பின்ன எங்கிட்ட ஏம்மா பேய்னு சொன்ன?"

"மாமான்னு சொல்லியிருந்தா குடும்ப விஷயம், நீங்களே பேசித் தீத்துக்கங்கன்னு போன வெச்சிருப்பீங்க. பேய்னு சொன்னதாலதானே கடலூர்லேர்ந்து ஸ்கூட்டர்ல வந்தீங்க?"

இருபது வருஷம் பொய் சொன்னவர்களைப் பிடித்தே பிழைத்த தஸ்னீம், வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சார்லஸ் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மனசுக்குள் தேதி போட்டு வைத்துக்கொண்டான்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மருமகளை இத்தாவில் மாமனார் பார்க்கலாம். எந்தத் தடையும் இல்லை. இருந்தும் அடக்கம் முடிந்த நாளிலிருந்து மஜீத் அந்தப் படி ஏறவில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றார்.

"உள்ள வர்றதுக்கு எனக்கு மூஞ்சி இருக்காம்மா?"

"வண்டியில வந்திருந்தா இல்ல மாமா," என்றாள் அர்ஃபா. "நடந்துதானே வந்தீங்க. வாங்க."